சாமிதுரை குடியிருந்த எட்டடி

தஞ்சாவூர் கீழவாசலில் கொத்தளத் தெரு என்று ஒன்று இருக்கிறது. மொத்தம் இருபத்தேழு வீடுகள். சொல்லிக்கொள்ளும்படியான மனிதர் ஒருவரும் அந்தத் தெருவில் பிறந்ததில்லை, வாழ்ந்ததில்லை, ஒரு பொழுது தங்கிப் போனதுகூட இல்லை என்றுதான் அங்கே இருக்கிறவர்களே நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் போன ஆடி மாதம் ஒரே வாரத்தில் பதினோரு பிரபலங்கள் அங்கே குடியேறிவிட்டார்கள். பதினோரு பேரும் செத்துப்போனவர்கள் என்பதால் வாடகை, தண்ணீர்ச் சண்டை எதுவும் வரவில்லை.

எல்லாம் சாக்கடையால் வந்தது. ஐப்பசி மழைக்குத் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நிற்கிறது, வடிகால் கட்டிக் கொடுங்கள் என்று வருஷா வருஷம் மனுக் கொடுத்தவர்கள் இவர்களேதான். மாநகராட்சி கடைசியில் மனம் இரங்கியது. ஒரு நாள் காலை இரண்டு பேர் டேப்பும் சிவப்புப் பெயிண்டுமாக வந்து, தெருவின் நடுவிலிருந்து அளந்து, மேற்கு வரிசை வீடுகளின் சுவரில் எல்லாம் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். கோட்டுக்கு வெளியே இருப்பது இடிபடும். சிலருக்கு ஒரு படிக்கட்டு போயிற்று. சிலருக்கு மதில். பஞ்சநதத்தின் வீட்டில் கோடு சுவரில் விழவில்லை. கதவைத் தாண்டி உள்ளே வந்து, இலைக்கட்டுகளை நகர்த்தச் சொல்லி, முன்னறையின் பின்சுவரையொட்டித் தரையில் கிழித்துவிட்டுப் போனார்கள். முன்னறை முழுவதும் வெளியே. எட்டடி.

அந்த எட்டடிதான் பஞ்சநதத்தின் கடை. வாழை இலை வியாபாரம். விடியலில் கண்டியூர்ப் படுகையிலிருந்து லோடு ஆட்டோவில் கட்டுகள் வந்து இறங்கும். நனைந்த சாக்கை விரித்து அடுக்கி, பிரித்து, நுனி இலை தனி, நடுவில் நறுக்கிய ஏடு தனி என்று தரம் பார்த்து மறுபடி கட்டவேண்டும். கிழிந்தது மெஸ்ஸுக்குப் போகும். முழுசானது கல்யாண மண்டபத்துக்குப் போகும். அந்த அறை மேற்கு வரிசையில் இருந்தாலும் வெயில் ஏறாது. சுவர் கனமானது. மே மாதத்தில்கூடத் தொட்டால் சில்லென்றிருக்கும். அந்தக் குளிர்ச்சி இருப்பதால்தான் அவனிடம் இலை மூன்று நாள் வாடாமல் நிற்கும். மற்ற கடைக்காரர்களிடம் இரண்டாம் நாளே சுருண்டுவிடும். பஞ்சநதத்துக்கு அறுபது வயது. வேறு தொழிலும் தெரியாது, வேறு இடத்தில் உட்கார்ந்தும் பழக்கமில்லை. மகன் சதீஷ் சிங்கப்பூரில் இருந்துகொண்டு, "விட்டுத் தள்ளுங்கப்பா, இங்க வந்துடுங்க" என்று வாரத்துக்கு ஒரு முறை சொல்வான். சிங்கப்பூரில் போய் எந்த இலையைப் பிரிப்பது என்று அவன் சொன்னதில்லை.

பெயிண்ட் காய்ந்த மூன்றாம் நாள் ஒரு செய்தி பரவியது. பழமையான வீடு, பெயர்பெற்றவர்கள் வாழ்ந்த வீடு என்று நிரூபணமானால் அந்த இடத்தில் மட்டும் வடிகாலை வளைத்துக் கட்டுவார்களாம். அதற்காகத் தெருவின் வரலாற்றைச் சேகரிக்க எழில்மொழி என்று ஒரு கல்லூரி விரிவுரையாளரை நியமித்திருக்கிறார்களாம். அவ்வளவுதான், தெருவே தன் பூர்வீகத்தை யோசிக்கத் தொடங்கியது.

பக்கத்து வீட்டுக் குணசேகரன், தன் தாத்தா காலத்தில் ஒரு மந்திரி வந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்துத் தூங்கியதாகச் சொல்லி, கட்டிலையும் எடுத்துக் காட்டினார். அந்தக் கட்டிலை அவர் பழைய சாமான் கடையில் வாங்கி வந்தபோது தூக்கிப் பிடித்தவன் பஞ்சநதம்தான். அடுத்த வீட்டில் ஓர் ஆர்மோனியக்காரர் வந்துவிட்டார். அதற்கடுத்ததில் ஒரு பயில்வான். பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருக்கும் ஜெகபர் அலி மட்டும் நெடுநேரம் யோசித்துவிட்டு, "எங்க வீட்ல பெருசா யாரும் இல்லம்மா. எங்க அத்தா டீக்கடை வெச்சிருந்தாரு. நல்ல மனுசன். அத எழுத முடியுமா?" என்று கேட்டார். எழில்மொழி சிரிக்காமல் அதையும் எழுதிக்கொண்டாள்.

பஞ்சநதத்தின் வீட்டுக்கு அவள் வரும்போது பதினொரு மணி. ஆடிக் காற்று தெருவில் புழுதியை வாரிக்கொண்டு போயிற்று. காற்று படுகையில் இலையைக் கிழித்துவிடுகிற மாதம். வந்த கட்டுகளில் பாதி நார்நாராகக் கிடந்தது. பஞ்சநதம் ஒரு குருத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தான். அவனிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. வாசலில் குணசேகரன் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க வீட்ல யாராச்சும் முக்கியமானவங்க இருந்திருக்காங்களா சார்?"

"இருந்தாரே. டாக்டரு."

"என்ன டாக்டர்?"

"எல்லாத்துக்கும் பாப்பாரு. அந்தக் காலத்து டாக்டர்."

"பேரு?"

"சாமிதுரை."

எங்கிருந்து வந்தது அந்தப் பெயர் என்று அவனுக்கே தெரியவில்லை. வாயில் தயாராக உட்கார்ந்திருந்ததுபோல வந்து விழுந்தது.

"எந்த வருஷத்துல இருந்தாருங்க?"

"அறுவத்தெட்டு, அறுவத்தொம்போதுலேர்ந்து எழுவத்திரண்டு வரைக்கும்."

"வீட்ல எந்தப் பகுதியில?"

"இதோ இந்த முன்னறையிலதான். இங்கதான் படுக்க வெச்சு வைத்தியம் பாப்பாரு."

பின்கட்டைச் சொல்லியிருக்கலாம். பின்கட்டைச் சொல்லி யாருக்கு என்ன லாபம்? எழில்மொழி படிவத்தில் எழுதிக்கொண்டு, சுவரைப் படம் எடுத்துக்கொண்டு போனாள். அவள் தலை மறைந்ததும் உள்ளேயிருந்து மனைவி கமலாம்பாள் வந்தாள்.

"ஏங்க, யாருங்க அந்த டாக்டரு?"

"யாரோ ஒருத்தர்."

"நான் வந்து முப்பத்தஞ்சு வருஷமாச்சு. உங்கம்மா இந்த வீட்டுக் கத அத்தனையும் சொல்லியிருக்காங்க. டாக்டர் கத மட்டும் விட்டுட்டாங்களா?"

"சும்மா இரு கமலா. எல்லாரும் ஒண்ணு சொன்னாங்க, நானும் ஒண்ணு சொன்னேன்."

"வருஷம் எல்லாம் சொன்னீங்களே."

அதுதான் அவனுக்கும் உறுத்தியது. புளுகுகிறவன் வருஷத்தை ஏன் அவ்வளவு துல்லியமாகச் சொன்னான் என்று அன்று முழுவதும் யோசித்தும் விடை கிடைக்கவில்லை. வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் போட்ட சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான்.

மறுநாள் காலையில் ஜெகபர் அலி வந்தார். கடைச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்தார். இருவரும் ஒரே வயது, ஒரே பள்ளிக்கூடம்.

"சாமிதுரைன்னு சொன்னியாமே பஞ்சு."

"ஆமா பாய். ஏதோ சொன்னேன்."

"எனக்குத் தூக்கமே வரலப்பா. அந்தப் பேரக் கேட்டு எத்தன வருஷமாச்சு."

பஞ்சநதம் நூலைக் கட்டுவதை நிறுத்தினான். "உனக்குத் தெரியுமா?"

"என்னப்பா இப்படிக் கேக்குற. எங்க அத்தா மேல பாய்லர் கவுந்துச்சே, வெந்நி முதுகு பூரா ஊத்தி. அப்ப எனக்கு அஞ்சோ ஆறோ. அவருதான வந்து பாத்தாரு. குருத்து எலைய விரிச்சு, தேங்காண்ணையத் தடவி, அத்தாவ அதுல குப்புறப் படுக்க வெச்சாரு. தினம் காலையில புது எல. பதினெட்டு நாளு. மூஞ்சி ஞாபகம் இல்ல. கை ஞாபகம் இருக்கு. எலையத் தூக்கும்போது தோலு ஒட்டிக்கிட்டு வராம அப்படியே பூ மாதிரி எடுப்பாரு."

"அவரு பேரு சாமிதுரையா?"

"நீதானய்யா சொன்ன."

"நான் சொன்னது இருக்கட்டும். நீ சொல்லு."

ஜெகபர் அலி சாவியோடு எழுந்தார். "உனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று கேட்டுவிட்டுக் கடை திறக்கப் போனார்.

சாயங்காலத்துக்குள் தெருவே டாக்டரைப் பற்றிப் பேசியது. தன் அம்மாவுக்குச் சாமிதுரை போட்ட ஊசியின் தழும்பு சாகிறவரை இருந்ததாகக் குணசேகரன் சொன்னார். பயில்வான் வீட்டுக்காரர் டாக்டரின் கறுப்புப் பையை வர்ணித்தார். ஆர்மோனியக்காரர் வீட்டில், டாக்டர் இரவல் வாங்கிய குடையைத் திருப்பித் தரவில்லை என்றுகூடச் சொன்னார்கள். இதில் எது நிஜம், எது தன் பொய்யின் குட்டி என்று பஞ்சநதத்துக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இலையைத் தரம் பிரிப்பது எவ்வளவு சுலபம் என்று தோன்றியது. கண்ணை மூடினால் அவனுக்கே ஒரு டாக்டர் தெரியத் தொடங்கிவிட்டார். வெற்றுடம்பாக, தலையில் சும்மாட்டுத் துணியோடு இருந்தார். டாக்டர் எதற்குச் சும்மாடு கட்டிக்கொண்டிருக்கிறார்?

அந்த வாரக் கடைசியில் உள்ளூர்ப் பதிப்பில் நாலு விரற்கடை அகலத்துக்குச் செய்தி வந்துவிட்டது. 'கொத்தளத் தெருவில் வாழ்ந்த ஏழைகளின் மருத்துவர் சாமிதுரை' என்று தலைப்பு. கூடவே இலைக்கட்டுகளோடு முன்னறையின் படம். அதை யாரோ கைப்பேசியில் படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்பினார்கள். பஞ்சநதத்துக்குப் பயம் வந்துவிட்டது. பாபநாசத்தில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டான். பிரகதாம்பாளுக்கு எழுபத்திரண்டு வயது. காது மந்தம், ஞாபகம் மந்தமில்லை.

"அக்கா, நம்ம வீட்ல சாமிதுரைன்னு யாராச்சும் இருந்தாங்களா?"

"என்னடா கேக்குற? எல சொமந்துக்கிட்டு வருவானே, அந்தச் சாமிதுரையா?"

பஞ்சநதம் கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அவரு டாக்டராக்கா?"

"டாக்டரா? உனக்கு என்ன பைத்தியமா? கண்டியூர்ப் படுகையில எல அறுத்துத் தலச்சொமையா கொண்டாருவான். விடியறதுக்குள்ள வந்துடுவான். அப்பாவுக்கு அவன விட்டா ஆளு கெடையாது. யாருக்காச்சும் சுட்டுக்கிச்சு, அம்மை போட்டுச்சுன்னா குருத்து கொண்டாந்து போடுவான். அது அவனுக்குக் கை வந்த விஷயம். ஆமா, நான் அவன் இவன்னு பேசிட்டிருக்கேன். அப்ப அப்படித்தான் கூப்பிடுவோம். இப்ப என்னன்னு சொல்லணும்?"

"அவரு நம்ம வீட்ல இருந்தாராக்கா?"

"வீட்டுக்குள்ள எப்படிடா இருக்க முடியும், அந்தக் காலத்துல? காவேரியில வெள்ளம் வந்து அவங்க குடிசையெல்லாம் போயிருச்சு. பொண்டாட்டியும் ஒரு பொண்ணும். அப்பாகிட்ட வந்து நின்னாரு. வாசச் சொவத்துக்கு வெளியில தெருப் பொறம்போக்கு கொஞ்சம் கெடந்துச்சு. அங்க வேணா ஒதுங்கிக்கன்னாரு அப்பா. அவரே மண்ணு மிதிச்சு, சொவரு வெச்சு, மேல கீத்து போட்டுக்கிட்டாரு. நாலு வருஷம் அதுலதான் இருந்தாங்க. எலையும் அங்கதான் எறங்கும்."

"வாசச் சொவத்துக்கு வெளியிலயா?"

"இப்ப நீ கட போட்டிருக்கியே, அதான். அவரு எழுவத்திரண்டுல மாருவலி வந்து செத்துப்போனாரு. அதுக்கப்பறம் அப்பா அவங்கள அனுப்பிட்டு, நடுச் சொவத்த ஒடச்சு வீட்டோட சேத்துக்கிட்டாரு. ஓடு போட்டது, தளம் போட்டது எல்லாம் பெறகு. உனக்கு எட்டு வயசு. அந்தப் பொண்ணு போறப்ப நீ அழுதியே, ஞாபகம் இல்ல? காத்தாயி. உன்ன இடுப்புல தூக்கிட்டுத் திரியும்."

ஞாபகம் இல்லை. சத்தியமாக ஞாபகம் இல்லை. பொய் சொல்லும்போது நினைவிலிருந்தது உண்மையைத் தேடும்போது எங்கே போய்த் தொலைந்தது என்று அவனுக்கு ஆத்திரமாக வந்தது. போனை வைத்துவிட்டு வெகுநேரம் தரையிலிருந்த சிவப்புக் கோட்டையே பார்த்தான். பெயிண்ட்காரர்கள் சரியாகத்தான் அளந்திருக்கிறார்கள். வீடு அந்தக் கோட்டோடு முடிந்துவிடுகிறது. இந்தப் பக்கம் இருப்பது தெரு. தெருவில் ஒருவன் கட்டிய குடிசை. அதை அப்பா எடுத்துக்கொண்டார். அதில் ஐம்பத்திரண்டு வருஷமாக இலை விற்றிருக்கிறோம்.

கமலாம்பாள் முழுவதையும் கேட்டாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இத யார்கிட்டயும் சொல்லாதீங்க. எழுதுனது எழுதுனபடி இருக்கட்டும்."

"அவரு டாக்டர் இல்லையே கமலா."

"ஜெகபர் பாய்கிட்ட சொல்லிப் பாருங்க, இல்லன்னு ஒத்துக்கிறாரான்னு."

"பொய்யில்லையா அது?"

"அவரு இங்க இருந்தாருன்னு சொன்னீங்க. இருந்திருக்காரு. வைத்தியம் பாத்தாருன்னு சொன்னீங்க. பாத்திருக்காரு. இதுல பொய் எங்கேருந்து வந்துச்சு? இந்த எடம் போனா எலைய எங்க வைப்பீங்க, என் தலையிலயா?"

அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. சரி என்று ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் அவன் ஏட்டை நுனி இலையோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்து, மண்டபத்துக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

ஆடிப்பெருக்கு கழிந்த மறுநாள் பத்து மணி இருக்கும். அன்றுதான் மாநகராட்சி என்ஜினீயர் விசாரணைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். தெருமுனையில் காலையிலிருந்தே மண் அள்ளும் மெஷின் வந்து நின்றிருந்தது. அந்த நேரத்தில் மோட்டார் சைக்கிளில் ஓர் அம்மாளும் நாற்பது வயதுக்காரர் ஒருவரும் வந்து இறங்கினார்கள். அந்த அம்மாள் தெருவில் நின்றபடியே வீட்டை மேலும் கீழும் பார்த்தாள். நல்ல உயரம். நரைத்த கூந்தலை இறுக்கிக் கொண்டை போட்டிருந்தாள். கூட வந்தவர் கைப்பேசியில் இருந்த படத்தைக் காட்டி, "இதானேம்மா?" என்றார்.

"எல வேணுங்களா?" என்று பஞ்சநதம் கேட்டான்.

"எல வேணாம் தம்பி," என்றாள் அவள். "நான் காத்தாயி. இவன் என் மவன் நெடுமாறன், அய்யம்பேட்டையில கூட்டுறவு பேங்குல இருக்கான். பேப்பர்ல எங்கப்பாரு பேரு வந்துருக்குன்னு காட்டுனான்."

பஞ்சநதம் எழுந்தான். கையிலிருந்த கத்தியை எங்கே வைப்பதென்று தெரியாமல் இடுப்பில் செருகப் போய், மறுபடி எடுத்துக் கீழே வைத்தான். "உள்ள வாங்க," என்றான்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள். வந்தவள் நேரே தெற்குச் சுவரண்டை போய் உள்ளங்கையை வைத்தாள்.

"இத இடிக்கலையா நீங்க?"

"மேல சிமெண்டு பூசினாங்க. சொவரு பழசுதான்."

"அதான் சில்லுன்னு இருக்கு. நானும் எங்கம்மாவும் மிதிச்ச மண்ணு. எங்கப்பாரு வெக்கோலு வெட்டிப் போடப் போட, மூணு நாளு மிதிச்சோம். காலெல்லாம் வெடிச்சுப்போச்சு."

நெடுமாறன் வாசலிலேயே நின்றார். அவர் முகத்தில் கோபம் இருந்தது. "டாக்டர்னு போட்டிருக்கீங்க," என்றார். "எங்க தாத்தா கூலிக்காரருங்க. அதுல எங்களுக்கு ஒரு வெக்கமும் இல்ல. ஏன் சார் மாத்திச் சொன்னீங்க?"

"இருடா. நான் கேக்குறேன்," என்றாள் காத்தாயி. ஆனால் அவள் கேட்கவில்லை. பஞ்சநதம்தான் தானாகச் சொன்னான். சிவப்புக் கோட்டைக் காட்டி, படிவத்தைச் சொல்லி, வாயில் வந்த பெயரைச் சொன்னதைச் சொல்லி, அக்கா சொன்னது வரை ஒன்றுவிடாமல் சொன்னான். கமலாம்பாள் நடையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்கப்பாரு பேரச் சொன்னா இடிக்க மாட்டாங்கன்னு சொன்னீங்களா?" என்று கேட்டாள் காத்தாயி.

"அவரு பேருன்னு தெரியாமத்தான் சொன்னேன். எப்படி வந்துச்சுன்னு இன்னமும் புரியல."

"நீங்கதான் அவரு தோளுல குந்திக்கிட்டு எறங்க மாட்டேன்னு அழுவீங்களே. பேரு எங்க போயிரும்?" என்றாள். அதை அவள் சாதாரணமாகச் சொன்னாள். பிறகு அறையின் மூலையைக் காட்டினாள். "அங்கதான் அடுப்பு. அப்பாரு செத்துப் பதினாறாம் நாளு உங்கப்பாரு வந்து நின்னாரு. திட்டல, அடிக்கல. எலைக்கு எடம் வேணும், இன்னிக்கே எடுத்துக்கன்னாரு. எங்கம்மா ஒரு வார்த்த பேசல. அடுப்புல சோறு அரை வேக்காடு. தண்ணிய ஊத்தி அணச்சிட்டு, பானையோட தூக்கிட்டு நடந்துச்சு. கரந்தை தாண்டி ஒரு மரத்தடியில வெச்சு, சுள்ளி பொறுக்கி மறுபடி வேக வெச்சுத் தின்னோம். அந்தச் சோத்து நாத்தம் இன்னிக்கும் என் மூக்குல இருக்கு."

கமலாம்பாள் உள்ளே போனாள். திரும்பி வந்து கட்டுகளைப் புரட்டினாள். காற்றில் கிழியாத நுனி இலை இரண்டைத் தேடி எடுத்துக்கொண்டு, "அம்மா, சாப்பிட்டுத்தான் போவணும்," என்றாள். காத்தாயி சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அதற்குள் என்ஜினீயர் வந்துவிட்டார். கூடவே எழில்மொழி. பின்னாலேயே தெரு முழுக்க. ஒவ்வொரு வீட்டுப் பிரபலத்துக்கும் ஆதாரம் கேட்டுக் கேட்டு என்ஜினீயர் களைத்துப்போயிருந்தார். மந்திரியின் கட்டில் தோற்றுப்போயிருந்தது. ஆர்மோனியம் தோற்றிருந்தது. டாக்டர் ஒருவர்தான் மிச்சம். தங்கள் தெருவுக்கு அவர் ஒருவராவது நிற்கட்டும் என்று எல்லோரும் அவர் பக்கம் சாய்ந்துவிட்டார்கள்.

"டாக்டர் சாமிதுரைக்கு என்னங்க ஆதாரம்?"

"எங்கம்மாவுக்கு ஊசி போட்டிருக்காருங்க," என்றார் குணசேகரன்.

"இவங்க அவரு மக," என்றான் பஞ்சநதம். "டாக்டர் இல்லைங்க. நான் தப்பா எழுதச் சொல்லிட்டேன். எல சொமந்தவரு. கண்டியூர்க் காலனிக்காரரு. இந்த அறைய அவருதான் வீட்டுக்கு வெளியில, பொறம்போக்குல கட்டினாரு."

"பஞ்சு, வாய வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா?" என்றார் குணசேகரன் மெதுவாக. "காலனிக்காரரு நம்ம தெருவுல எப்படிக் குடியிருந்திருப்பாரு? யோசிச்சுப் பேசு. அப்படி யாரும் இங்க இருந்ததே இல்ல சார்."

"ஊசி?" என்று கேட்டார் ஜெகபர் அலி.

குணசேகரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"எங்க அத்தா முதுகுல கை வெச்சவரு அவருதான். அவரு டாக்டரோ என்னவோ எனக்குத் தெரியாது. அத்தா எந்திரிச்சு உக்காந்தாரு," என்றார் ஜெகபர் அலி. காத்தாயி திரும்பி அவரைப் பார்த்தாள். "டீக்கட ராவுத்தரா? பாய்லரு கொட்டுச்சே," என்றாள். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

எழில்மொழி படிவத்தில் ஒரு சொல்லை அடித்தாள். "தொழில் என்னன்னு எழுதட்டும்மா?"

"எல அறுத்தாரு, சொமந்தாரு. சுட்ட புண்ணுக்குக் குருத்து போட்டாரு. அதுக்குக் காசு வாங்கல," என்றாள் காத்தாயி. எழில்மொழி அப்படியே எழுதிக்கொண்டாள்.

என்ஜினீயருக்கு இது எதிலும் அக்கறை இல்லை. அவர் கேட்கவேண்டியது ஒன்றுதான். "வீட்டுக்கு வெளியில, பொறம்போக்குல கட்டுனதுன்னு நீங்களே சொல்றீங்க. அப்படின்னா ஆக்கிரமிப்புங்க. வளைக்கிறதுக்கு வழியில்ல. இடிக்க ஆட்சேபணை இல்லன்னு இந்தத் தாளுல ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க. மெஷின் நிக்கிது. இல்லன்னா மறுபடி நோட்டீஸ், முப்பது நாளுன்னு உங்களுக்கும் அலைச்சல், எனக்கும் அலைச்சல்."

பஞ்சநதம் தாளை வாங்கிப் பார்த்தான். 'குடியிருப்பவர் கையொப்பம்' என்று போட்டு ஒரு கோடு. இலைக்கட்டுகளைப் பார்த்தான். கமலாம்பாளைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இனி இந்த அறை தன்னுடையது இல்லை, எப்போதுமே இருந்ததில்லை என்பது மட்டும் அவனுக்கு அந்தப் பத்து நாள் குழப்பத்தில் முதன்முறையாகத் தெளிவாகத் தெரிந்தது.

"இத என்கிட்ட கேக்கக் கூடாதுங்க," என்றான். "குடியிருந்தவங்க இவங்கதான். நான் கட போட்டிருந்தவன். இவங்ககிட்ட கேளுங்க."

என்ஜினீயர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தெருமுனையில் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. யார் கையெழுத்தாக இருந்தால் என்ன என்று நினைத்தாரோ என்னவோ, தாளையும் பேனாவையும் காத்தாயியிடம் நீட்டினார். "நீங்க போடுங்கம்மா. இங்க."

காத்தாயி தாளை வாங்கவில்லை. "நான் கையெழுத்துப் போட்டாத்தான் இடிப்பீங்களா?"

"ஆமாம்மா."

"போடலன்னா?"

"இன்னிக்கு இடிக்க முடியாது."

அவள் மகனைப் பார்க்கவில்லை, பஞ்சநதத்தையும் பார்க்கவில்லை. சிவப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம், அடுப்பு இருந்த மூலையில், ஈரச் சாக்கின் மேல் மெதுவாகக் காலை நீட்டி உட்கார்ந்தாள். முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டாள்.

"எங்கம்மாவ இங்கேருந்து போன்னு சொன்னப்ப ஒரு சோறு வேகுற நேரங்கூடக் குடுக்கல," என்றாள். "எனக்கு ஒரு நாளு வேணும். நாளைக்கு வாங்க. யோசிச்சுச் சொல்றேன்."

என்ஜினீயர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, மெஷினைத் திருப்பச் சொல்லத் தெருமுனைக்கு நடந்தார்.